புடவை மடிப்பில் வந்த நார்த்தை

ஜூலை மாதத்தில் இங்கே புல் வெள்ளையாக விடிகிறது. கார் கண்ணாடியில் படிந்திருக்கும் உறைபனியைக் காலாவதியான வங்கி அட்டையால் சுரண்டிவிட்டு, விரல் விறைத்து, மூக்கு ஒழுகி, ஊரில் வெயிலைத் திட்டிக்கொண்டிருக்கும் உங்கள் எல்லோர்மீதும் பொறாமைப்பட்டுக்கொண்டுதான் நான் வேலைக்குப் போகிறேன். போனதும் முதல் காரியமாக ஆய்வகத்துக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடி வீட்டுக்குள் நுழைவேன். இரண்டாவது கதவைத் திறந்ததும் முகத்தில் காஞ்சிபுரம் அடிக்கும். சித்திரை மாதத்து முற்பகலில் பேருந்து நிலையத்தில் ஆட்கள் நிழல் தேடி ஒதுங்குவார்களே, அந்தச் சூடு. கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பேன். ஆஸ்திரேலியாவின் தெற்கே, ஆரஞ்சுத் தோட்டங்கள் சூழ்ந்த ஓர் ஆற்றங்கரை ஊரில், குளிர்காலம் முழுக்க மின்சாரத்தைக் கொட்டி ஓர் அறையை என் ஊராக வைத்திருக்கிறார்கள். எனக்காக இல்லை, நோய்க்காக.

என் வேலை பழ மரங்களில் வைராய்டு இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் அது எந்த வகை என்று சொல்வது. வைராய்டு என்பது வைரஸைவிடச் சிறியது. வைரஸுக்காவது மேலே ஒரு புரதச் சட்டை உண்டு, இதற்கு அதுவும் கிடையாது. வட்டமாக முடிந்த ஒரு துண்டு ஆர்.என்.ஏ., அவ்வளவுதான். பூச்சியோ காற்றோ கொண்டுவருவதைவிட மனிதன் கொண்டுவருவதுதான் அதிகம். ஒட்டுக் கட்டும் குச்சியிலும், ஒரு மரத்தை வெட்டிவிட்டுக் கழுவாமல் அடுத்த மரத்தை வெட்டும் கத்தியிலும் அது பயணம் போகிறது. பல மரங்கள் அதை உள்ளே வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதது போலக் காய்த்துக்கொண்டிருக்கும். அதனால் சந்தேகப்பட்ட மரத்தின் ஒரு துண்டுப் பட்டையை எட்ரோக் என்கிற செடியில் ஒட்டுக் கட்டுவோம். எட்ரோக் நம் கடாரங்காய்க்குச் சொந்தக்காரி, மகா ரோஷக்காரி. நோய் இருந்தால் அந்தச் சூட்டில் அவள் இலைகள் கீழ்நோக்கிச் சுருண்டுவிடும். உள்ளே இயந்திரச் சோதனையும் உண்டு. அதற்குப் பிறகு அந்த ஆர்.என்.ஏ.வின் எழுத்துகளைப் படித்து, எந்தக் குடும்பம், எந்த இனம், இந்த நாட்டில் ஏற்கெனவே உள்ளதா, புதிதாக வந்து இறங்கியதா என்று வகை பிரிப்போம். ஐந்தாறு எழுத்து மாறினால் போதும், சாதுவான ஒன்று மரத்தையே முடித்துவிடும்.

கண்ணாடி வீட்டைப் பார்த்துக்கொள்பவள் ஜேனட். ஓய்வுக்கு நெருங்கியவள், நல்லவள், சத்தமாகப் பேசுவாள். நான் சேர்ந்த புதிதில் ஊர் எது என்று கேட்டாள். காஞ்சிபுரம் என்றதும் ஃபோனில் தேடிப் பார்த்துவிட்டு, "ஓ, சில்க்! உன் வீட்டிலும் நெய்வார்களா?" என்றாள். எங்கள் ஊரில் நிறையக் குடும்பங்கள் நெய்கின்றன என்றேன். அந்த நிறையக் குடும்பங்களில் என் குடும்பத்தையும் அவளே சேர்த்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை. அன்றிலிருந்து யார் வந்தாலும் "இது மலர், இவள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பட்டு நெய்கிறது" என்றுதான் அறிமுகம் செய்வாள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். எங்கள் வீட்டில் யாரும் தறியில் உட்கார்ந்ததே இல்லை. அப்பா வாலாஜாபாத் அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். அம்மா அடுத்தவர் கழனியில் நாற்று நட்டாள், பிறகு சத்துணவுக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். எங்கள் வீடு ஐயம்பேட்டைக்கு அந்தப்புறம், காலனியில்.

பட்டுக்கும் எனக்கும் இருந்த உறவெல்லாம் ஒரு தெருவோடு சரி. பெரிய காஞ்சிபுரத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போகிற குறுக்கு வழியில் நெசவாளர் தெரு ஒன்று உண்டு. காலையில் தெரு நீளத்துக்குப் பாவு விரித்திருப்பார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பட்டு நூல் இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று நீவிக்கொண்டிருப்பார்கள். வெயில் பட்டால் அரக்குச் சிவப்பு கண்ணைப் பறிக்கும். ஒருநாள் நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றபோது ஓர் அம்மாள், "பாவத் தொடாத, ஓரமா போமா" என்றார். அதை அவர் எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்லியிருப்பார். நூல் அறுந்தால் யாருக்கு நஷ்டம்? ஆனாலும் எனக்கு அது எனக்கு மட்டும் சொன்னது போலவே இருந்தது. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, சுவரை உரசினாற்போலத்தான் நடப்பேன். எல்லோருக்கும் சொன்னதா, எனக்கு மட்டும் சொன்னதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தத் தெரியாமையைப் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன் போலிருக்கிறது.

இங்கே எங்கள் ஊரில் தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம்தான். பொங்கலுக்கு ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்துக் கூடுவோம். முதல் பொங்கலில் என்னைத் தேடி வந்து பேசியவர் சம்பந்தம் அண்ணன். ஆரஞ்சு தரம் பிரித்துப் பெட்டியில் அடைக்கும் கூடத்தில் மேற்பார்வையாளர். பெரிய காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பம், ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் பரம்பரையாகக் கைங்கர்யம் செய்பவர்கள். காஞ்சிபுரம் என்று நான் சொன்னதும் முகமெல்லாம் சிரிப்பு.

"அடடே, நம்மூரா! எந்தத் தெருமா?"

"ஐயம்பேட்டை பக்கம்ணா."

"ஐயம்பேட்டைலயும் நம்ம ஆளுங்க இருக்குறாங்களே. ஊருக்குள்ளயா? இல்ல, ரோட்டுக்கு அந்தாண்டயா?"

புலம்பெயர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஊரைக் கேட்பார்கள், தெருவைக் கேட்பார்கள், குலதெய்வத்தைக் கேட்பார்கள். ஒவ்வொன்றும் ஒரு சோதனை. ஜேனட்டிடம் மழுப்பிய எனக்கு அவரிடம் மழுப்ப முடியவில்லை. "அந்தாண்டண்ணா. காலனி" என்றேன். "அப்டியா, சரிமா, சரிமா. சாப்ட்டியா?" என்றார். முகத்தில் சிரிப்பு அப்படியேதான் இருந்தது, ஆனால் கண் மட்டும் கூடத்தில் வேறு யாரையோ தேடியது. வேறெதுவும் நடக்கவில்லை. ஒரு தப்பு வார்த்தை இல்லை.

அன்று அவர் மனைவி கோமதி அக்கா எல்லோருக்கும் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தார். அவர்கள் வீட்டு மரத்துக் காய். கண்ணாடி பாட்டிலில் போட்டு, "பாட்டில மறக்காம திருப்பிக் குடுத்துருங்கபா, அடுத்த வாட்டி போடணும்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். எனக்கு வந்தது ஹோட்டல் சாப்பாடு வாங்கி வந்த பிளாஸ்டிக் டப்பாவில். "இத திருப்பித் தர வேணாமா, வெச்சுக்கோ" என்றார். பாட்டில் தீர்ந்துபோயிருக்கலாம். அடுத்த வருடமும் பிளாஸ்டிக் டப்பாதான். அதற்கு அடுத்த வருடமும். ஊறுகாய் அபாரமாக இருக்கும். ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டு போகவே போகாது. வெட்கமில்லாமல் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, டப்பாவைக் கழுவிக் குப்பையில் போடுவேன். குப்பையில் போடப்போவதை எதற்குக் கழுவினேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

அந்த மரம் வந்த கதையைச் சம்பந்தம் அண்ணன் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். அவருடைய அம்மா இறந்த பிறகு வீட்டைப் பாகம் பிரித்திருக்கிறார்கள். கிணற்றடியில் அம்மா வைத்த நார்த்தையை வெட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும் நாலைந்து குச்சிகளை ஒடித்து, ஈரத்துணியில் சுற்றி, அம்மாவின் பட்டுப்புடவை மடிப்புக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டார். "ஏர்போர்ட்ல பொட்டியத் தொறந்தான். பொடவயத் தடவிப் பாத்துட்டு பியூட்டிஃபுல்னான். மூடிட்டான்!" கூடம் முழுக்கச் சிரிக்கும். கொல்லையில் இருந்த ஆரஞ்சு மரத்தில் அந்தக் குச்சிகளை ஒட்டுக் கட்டி, பிழைத்த பிறகு தமிழ் வீடு ஒவ்வொன்றுக்கும் அவரே கத்தியும் கையுமாகப் போய் ஒட்டுக் கட்டிக்கொடுத்தார். எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. நானும் கேட்கவில்லை. இப்படிக் குச்சி கடத்துகிறவர்களால் வரும் நோயைப் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆனாலும் அந்தக் கதைக்கு எல்லோரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். கூட்டத்தோடு கூட்டமாக இருக்கக் கிடைத்த ஒரே இடம் அந்தச் சிரிப்புதான். எழுதும்போதே காது சுடுகிறது.

போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தம் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார், அதுதான் முதல் தடவை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் இலையோடு ஒரு குச்சி. சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். வாங்குவாரா என்று அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாங்கினார், கடைசிச் சொட்டுவரை குடித்தார். எனக்கு வந்த சந்தோஷத்தை என்னால் மறைக்கவே முடியவில்லை. இவ்வளவு படித்து, இவ்வளவு தூரம் வந்து, ஒருவர் என் வீட்டில் தண்ணீர் குடித்ததற்கு உள்ளம் குளிர்ந்து நிற்கிறேனே என்று அடுத்த நொடியே கூசிப்போனேன்.

"மரத்தோட அடில பட்ட உரிஞ்சிக்கினே வருதுமா, செதில் செதிலா. எதனா மருந்து அடிக்கலாமான்னு பாத்து சொல்லு. ஆபீசுக்குலாம் தெரிய வேணாம். நம்மூர்ப் பொண்ணு நீ. உன்னாண்ட கேக்காம யாராண்ட கேக்கறது?"

எனக்குப் பார்க்காமலே பாதி புரிந்துவிட்டது. நார்த்தை தாங்கிக்கொள்ளும். அதைச் சுமக்கும் அடிமரம் தாங்காது. இந்த ஊர் ஆரஞ்சுகளின் வேர்ப்பகுதியெல்லாம் மூவிலை ஆரஞ்சு என்கிற இனம். வைராய்டு வந்தால் சில வருடங்களில் அதன் பட்டை உரியத் தொடங்கும்.

"இதுக்கு மருந்தே கெடையாதுண்ணா. லேபுக்குள்ள எடுத்துக்கினு போனா நம்பர் போட்டுத்தான் உள்ள விடுவாங்க. அப்பறம் என்ன ஆனாலும் என் கையில இல்ல."

"நீ மனசு வெச்சா எல்லாம் நடக்கும்மா. எங்கம்மா வெச்ச மரம் அது." பையை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பையை நான் குப்பையில் போட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவர் கத்தி எத்தனை வீட்டு மரத்தில் ஏறி இறங்கியிருக்கிறது! அவர் வீட்டை ஒட்டிய ஆரஞ்சுத் தோட்டத்தின் சொந்தக்காரர் டோனிக்குக் கவாத்து செய்துகொடுப்பதும் அவர்தான், தன் வீட்டு மரத்தை வெட்டுகிற அதே கத்தரியால். டோனியின் பிழைப்பே ஆரஞ்சுதான். சட்டப்படியும் நியாயப்படியும் யோசிக்க ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை காலை குச்சியை முறைப்படி பதிவு செய்து உள்ளே அனுப்பினேன். இயந்திரத்தின் முன் உட்கார்ந்து கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நோய் இல்லையென்றால் கோடு தரையோடு படுத்திருக்கும். இருந்தால் எழுந்து நிற்கும். அது எழுந்தது. விறுவிறுவென்று ஏறியது. அதோடு சேர்ந்து எனக்குள்ளேயும் ஒன்று எழுந்தது. "வாங்க, உங்க வீட்டிலயும் இருக்கா?" என்று அது கேட்டது. அது சந்தோஷம்தான், வேறு பெயர் சொல்லி என்னை ஏமாற்றிக்கொள்ள முடியாது. சுற்றிலும் பார்த்தேன். ஜேனட் தூரத்தில் தொட்டி கழுவிக்கொண்டிருந்தாள். கையுறையைக் கழற்றிவிட்டுக் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

உறுதி செய்ய எட்ரோக் செடியில் ஒட்டுக் கட்டினோம். எழுத்துகளைப் படித்து வகை பிரித்தோம். அந்த நார்த்தையில் இரண்டு வைராய்டு. ஒன்று இந்த நாட்டில் பழகியது, மற்றது இந்தப் பகுதிக்குப் புதியது. பழகியது மட்டும் என்றால் எச்சரிக்கையோடு விட்டிருப்பார்கள். இந்த இரண்டாவதால் எல்லாம் மாறிவிட்டது. நானும் மரங்களை ஊர் கேட்டு, தெரு கேட்டு ஒதுக்குகிற வேலைதான் பார்க்கிறேன் என்று அன்று தோன்றியது. பிறகு யோசித்தேன், அப்படி இல்லை. வைராய்டு யாரும் கேட்காவிட்டாலும் மரத்துக்குள் இருக்கிறது. ரோட்டுக்கு அந்தாண்ட என்பது ஒருவர் கேட்டால்தான் இருக்கிறது. இந்தத் தெளிவு என் வெட்கத்தைக் கொஞ்சமும் குறைக்கவில்லை. நான் குச்சியைக் கொண்டுபோனது டோனியின் ஆரஞ்சுக்காகவா, அந்த பிளாஸ்டிக் டப்பாக்களுக்காகவா? இதைப் பிரித்துச் சொல்லும் சோதனை எதுவும் எங்கள் ஆய்வகத்தில் இல்லை.

அதிகாரிகள் வந்தார்கள். தமிழர் வீடு ஒவ்வொன்றாகப் போய், ஒட்டுக் கட்டிய மரங்களையெல்லாம் வேரோடு எடுத்தார்கள். டோனியின் தோட்டத்தில் ஓரத்து வரிசை மட்டும் போனது, மீதி தப்பித்தது. சம்பந்தம் அண்ணன் கைப்பட எழுதி மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது, வேலையிலும் பேச்சு வாங்கினார். எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். கொல்லையைச் சுற்றிப் பார்த்த அதிகாரி, "தமிழர் வீடுகளிலேயே உங்கள் வீடுதான் கிளீன். நீங்கள் எவ்வளவு ஜாக்கிரதை!" என்று கை குலுக்கினார். ஜாக்கிரதையா? என்னை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை, அதனால் நோயும் வரவில்லை. இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? நன்றி சொன்னேன். தமிழ்ச் சங்க வாட்ஸாப் குழுவில் யாரும் என் பெயரைச் சொல்லவில்லை. "நம்மாளுங்களே நமக்கு எதிரி" என்று மட்டும் ஒருவர் போட்டிருந்தார். நம்மாள் என்று என்னை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஜேனட் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "உன் சொந்த நெசவுக்காரர்களின் மரம், உனக்கு எவ்வளவு வலித்திருக்கும்!" என்றாள். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. என் வீட்டில் யாரும் நெய்ததில்லை, அந்தத் தெருக்களில் எங்களை வீட்டுக்குள்ளேயே விட மாட்டார்கள், நாங்கள் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர்கள் என்று கொட்டிவிட்டேன். அவள் கண்ணை அகல விரித்தாள். "விவசாயிகளா! அதுதான் செடி உன் கையில் இப்படி வளர்கிறது" என்றாள். அன்றிலிருந்து வருகிறவர்களிடம் என்னை விவசாயக் குடும்பத்துப் பெண் என்று அறிமுகம் செய்கிறாள். நிலமே இல்லாத விவசாயக் குடும்பம். இதையும் இன்னும் திருத்தவில்லை.

அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன். டப்பா விஷயத்தை அவளிடம் முன்பே சொல்லி அழுதிருக்கிறேன். மரத்தை எடுத்துவிட்டார்கள் என்றதும், "நல்லா வேணும் அவங்களுக்கு!" என்று அம்மா கைதட்டிய சத்தம் கேட்டது. இயந்திரத்தின் முன் எனக்குள் எழுந்த அதே குரல். என் குரலை வெளியிலிருந்து கேட்டபோது உடம்பே குறுகிவிட்டது. "அவரோட அம்மா வெச்ச மரம்மா" என்றேன். "அப்போ இனிமேட்டு ஊறுகா கெடையாதா?" என்றாள்.

ஊறுகாய் வந்தது. ஆட்கள் மரத்தை எடுக்க வருவதற்கு முன் பறித்த கடைசிக் காய்களில் கோமதி அக்கா போட்டிருந்தார். ஒரு மாலை எங்கள் வாசலில் வந்து நின்றார். நான் உள்ளே கூப்பிட்டேன். வரவில்லை.

"அந்த மரத்துல ஒரு துண்டு உங்க ஆபீசுல உசுரோட இருக்குதாமே. நெஜமா மலரு?"

நிஜம்தான். எட்ரோக்கில் ஒட்டுக் கட்டிய துண்டில் ஒரு மொட்டு துளிர்விட்டிருந்தது. அடுத்தடுத்த சோதனைகளுக்கு ஒப்பிட்டுப் பார்க்க நோயுள்ள செடி ஒன்று எப்போதும் வேண்டும். அதற்காக அதை வைத்திருக்கிறோம். இந்த நாட்டில் அவர்கள் வீட்டு நார்த்தை இருப்பது அந்த ஒரு தொட்டியில்தான். பார்க்க முடியுமா என்று கேட்டார். வெளியாட்களை உள்ளே விட மாட்டார்கள் அக்கா என்றேன். அதைச் சொல்லும்போது என் வாய் கசந்தது. அவர் தலையாட்டினார். "நீ பாத்துக்கறல்ல, போதும்" என்று பையிலிருந்து ஊறுகாயை எடுத்துக் கையில் கொடுத்தார். கண்ணாடி பாட்டில். படி இறங்கும்போது திரும்பிப் பார்த்து, "பாட்டில மறக்காம திருப்பிக் குடுத்துருமா" என்றார்.

அவர் போனதும் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்று அழுதேன். ஒரு பாட்டிலைத் திருப்பிக் கேட்டதற்கு அழுகிறேனே என்று வெட்கமும் வந்தது. என்னை மதித்தா கேட்டார், என் கையில் அவர்கள் மரம் இருக்கிறது என்பதற்காகவா, வீட்டில் டப்பா இல்லாததாலா? பாவு விரித்த தெருவில் நின்ற அதே பெண்ணாகத்தான் நிற்கிறேன்.

ஊறுகாய் தீர்ந்து மாதங்கள் ஆகின்றன. பாட்டிலை ஒருமுறை கழுவினேன், வாசனை போகவில்லை என்று மறுபடி கழுவினேன். இப்போது அது என் காரில் முன்னிருக்கையில் இருக்கிறது. தினமும் காலையில் அவர்கள் தெரு முனையில் வேகத்தைக் குறைக்கிறேன். நான் கொடுத்த பிறகு கோமதி அக்கா அதை இன்னொருமுறை கழுவுவாரா என்ற எண்ணம் வருகிறது. கால் தானாக ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறது, தெரு பின்னால் போய்விடுகிறது. பாட்டிலை உறைபனியில் காருக்குள்ளேயே விட்டுவிட்டு, இரண்டு கதவுகளைத் திறந்து அந்தச் சூட்டுக்குள் போகிறேன். எட்ரோக்கின் சுருண்ட இலைகளுக்கு நடுவே நார்த்தைத் துளிர் நிற்கிறது. அதன் அடையாள அட்டையை எழுதியது நான்தான். எங்கிருந்து வந்தது என்ற இடத்தில் காஞ்சிபுரம் என்று மட்டும் எழுதியிருக்கிறேன். தெரு எனக்குத் தெரியும், எழுதவில்லை. அதற்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, அடுத்த செடியைத் தொடுவதற்கு முன் கையைக் கழுவுகிறேன்.